பூண்டா, ஓமமா, பூச்சுப் போட்ட எண்ணெயா? கறிக்கோழித் தீவனத்தில் எதைச் சேர்ப்பது

அண்ணன் மகன் குண்டடம் பக்கம் 5,000 கோழிக்கு செட் போட்டு இரண்டு பேட்ச் எடுத்துவிட்டான். கம்பெனி வளர்ப்பு வேண்டாம் என்று சொந்தமாகக் குஞ்சு வாங்கி, பல்லடத்தில் அறிவிக்கும் கறிக்கோழி விலைக்கு வியாபாரியிடம் கொடுக்கிறான். போன வாரம் போனில் கேட்டான்: "அத்தை, தீவனத்துல ஆன்டிபயாட்டிக் போடறத நிறுத்தீட்டேனுங்க. அதுக்குப் பதிலா பூண்டும் மஞ்சளும் அரைச்சுப் போட்டாப் போதுங்களா, இல்ல அந்த எண்ணெய்ப் பவுடர் வாங்கட்டுங்களா?"

"கண்ணு, தீவனத்த நீ எங்க அரைக்கறே, அத மொதல்ல சொல்லு" என்றேன். அவன் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. காங்கேயம் தாராபுரம் ரோட்டில் பல வருசமாக இரண்டு செட் வைத்திருக்கிறேன். சொந்தமாகத் தீவனம் கலக்கி, வாசனைச் சாமான் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். எதைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்வது சாமானின் பெயர் இல்லை. உங்கள் தீவனம் வீட்டில் அரைத்த மாவா, மில்லில் ஆவி கொடுத்து அழுத்திய பெல்லட்டா என்பதுதான் முடிவு செய்கிறது.

ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தியதைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை, ஏனென்றால் சுற்றுவட்டாரத்தில் இன்னும் பலர் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். நோய் வராமலே, வளர்ச்சிக்காக என்று தினமும் சிறிய அளவில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை ஸ்வீடன் 1986லேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரி 1 முதல் நின்றது. நம் நாட்டில் கொலிஸ்டினை 2019ல் மத்திய அரசு கால்நடைக்கும் கோழிக்கும் தடை செய்தது. வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர்கள் கடைசியாக எடுக்கிற மருந்து அது. அதைத் தீவன மூட்டையில் கொட்டிக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பதறுகிறது. எங்கள் செட்டிலும் போட்டிருக்கிறோம். எது என்ன என்று தெரியாமல், ஏஜென்ட் கொடுத்ததைக் கலக்கினோம். அதனால் கீழே வரும் ஒப்பீட்டில் "பழையபடி ஆன்டிபயாட்டிக்கே போடலாம்" என்பதை ஒரு வழியாக நான் வைக்கவில்லை.

அதே சமயம், அது செய்த வேலையை மறைத்துப் பேசவும் கூடாது. குடலில் குளோஸ்ட்ரீடியம் மாதிரிக் கிருமிகள் பெருகாமல் பிடித்து வைத்தது. நிறுத்தியதும் சில பேட்ச்சில் எச்சம் தண்ணியாகப் போகும், தின்ற தீவனம் பாதி செரிக்காமல் அப்படியே வெளியே வரும், தரை ஈரமாகும், காலில் புண் விழும். ஐரோப்பியப் பண்ணைகளும் தடைக்குப் பிறகு இந்தக் குடல் தொல்லையைச் சந்தித்தன. வாசனைச் சாமானைத் தேடிப் போவது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

இந்தச் சாமான்கள் எப்படி வேலை செய்கின்றன? ஓமத்திலும் தைம் என்ற மேல்நாட்டு மூலிகையிலும் தைமால் இருக்கிறது. ஆரிகானோவில் கார்வக்ரால். பட்டையில் சின்னமால்டிஹைடு, கிராம்பில் யூஜினால், சோம்பில் அனித்தோல். எல்லாமே வாசனை எண்ணெயில் இருப்பவை. தைமாலும் கார்வக்ராலும் கிருமியின் மேல்தோலில் கரைந்து அதை ஓட்டையாக்கிவிடும், உள்ளே இருப்பது கசிந்து கிருமி செத்துப்போகும். குடலுக்கு நல்லது செய்கிற லாக்டோபேசிலஸ் வகைகள் இதை ஓரளவு தாங்கும். கூடவே செரிமான நீர் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும். ஒன்றை மறக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்துத் தட்டில் கிருமியைக் கொல்லத் தேவைப்படும் அளவு எண்ணெய், நாம் டன்னுக்குப் போடும் அளவை வைத்துக் கோழியின் குடலில் சேர்வதே இல்லை. அதனால் இதை மருந்தாக நினைக்காதீர்கள். குடலின் சூழலை நல்ல பக்கம் கொஞ்சம் சாய்த்துவிடுகிற சேர்க்கை, அவ்வளவுதான்.

வாசனை நன்றாக இருந்தால் கோழி அதிகம் தின்னும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கோழியின் வாயில் சுவை மொட்டுகள் சில நூறுதான், நமக்கு ஆயிரக்கணக்கில். மிளகாயின் காரமே பறவைக்கு உறைக்காது, கிளி எப்படித் தின்கிறது பாருங்கள். அதனால் அந்தப் பேச்சுக்கு நான் பெரிய மதிப்புத் தருவதில்லை.

இனி பொடி. நம் ஊரில் இதுதான் முதலில் கைக்கு வரும். ஈரோடு பக்கத்தில் இருந்துகொண்டு மஞ்சளை விட்டுவிட்டு வேறெங்கே போவோம்? ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் 2019ல் கிடைத்தது. மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். டன்னுக்கு 5 கிலோ பொடி போட்டால் 150 கிராம் குர்குமின் வருகிறது. அது ஆவியாகிப் பறக்கிற பொருள் இல்லை, அதனால் மில் சூட்டிலும் பெருமளவு நிற்கும். ஆனால் உடம்பில் மிகக் குறைவாகத்தான் ஏறும். குடலுக்குள்ளேயே செய்கிற வேலைக்குப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கறியின் தோல் மஞ்சளாகும் என்று சேர்ப்பவர்களும் உண்டு. அந்த நிறம் பெரும்பாலும் மக்காச்சோளத்தில் இருந்து வருவது.

மஞ்சளில் நான் பயப்படுவது வேறு விசயத்துக்கு. மண்டியில் விரலியும் கிழங்கும் போன பிறகு மிஞ்சும் உடைசலையும் தூசியையும் "கோழிக்குத்தானே" என்று மலிவாகத் தள்ளிவிடுவார்கள். பூஞ்சணம் பிடித்த சரக்காக இருந்தால் அதில் அஃபிளாடாக்சின் இருக்கும். குடலைக் காப்பாற்ற வாங்கியது ஈரலைக் கெடுத்துவிடும். பளபளவென்று இருக்கும் பொடியில் சாயமும் ஈயக் கலப்பும் இருக்க வாய்ப்பு உண்டு. முழு மஞ்சளாக வாங்கி நீங்களே அரைக்க முடியாது என்றால் மஞ்சளே வேண்டாம்.

பூண்டுக்கு நம் மக்களிடம் இருக்கும் நம்பிக்கை பெரியது. அந்த நம்பிக்கை பொய்யும் இல்லை. ஆனால் பூண்டின் சக்தி முழுப் பல்லில் இல்லை, நசுக்கும்போதுதான் பிறக்கிறது. பல்லுக்குள் அல்லீன் ஒரு பக்கமும் அதை அல்லிசினாக மாற்றும் நொதி ஒரு பக்கமும் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கினால் இரண்டும் சேர்ந்து அந்தக் காட்டமான வாசம் வருகிறது. சூடு பட்டால் நொதி செத்துவிடும். நசுக்கி வைத்து நாள் ஆனாலும் அல்லிசின் சிதைந்துவிடும். ஆக, பச்சைப் பூண்டை அன்றன்றைக்கு நசுக்கி அன்றைக்கே தின்னவைக்க முடிந்தால் பலன் இருக்கும். 200 நாட்டுக்கோழிக்கு அது நடக்கும். 5,000 கறிக்கோழிக்குத் தினமும் பூண்டு உரித்து நசுக்க யாரால் முடியும்? காய்ந்த பூண்டுப் பொடியை டன்னுக்கு 5 கிலோ போடுவது ஒரு வழி, ஆனால் பைசா கணக்கைக் கீழே பாருங்கள்.

ஓமம்தான் நம்மவர்கள் கவனிக்காமல் விடுகிற சாமான். ஓமத்தில் எண்ணெய் 2 முதல் 4 சதவீதம் வரை. அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி தைமால். மேல்நாட்டில் தைம் எண்ணெய் என்று டப்பாவில் விற்பதில் எது வேலை செய்கிறதோ, அதே பொருள் குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமத்தண்ணி கொடுத்த நம் அப்பத்தா கையில் இருந்தது. டன்னுக்கு 1 கிலோ ஓமம் அரைத்துப் போட்டால் சுமார் 30 கிராம் எண்ணெய், 15 கிராம் தைமால் சேர்கிறது. மற்ற பொடிகள் கிலோ கணக்கில் கேட்கும் இடத்தில், இவ்வளவு சின்ன எடையில் இவ்வளவு சரக்கைத் தருகிற மளிகைச் சாமான் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நிபந்தனை ஒன்று உண்டு. அரைத்த அன்றே கலக்க வேண்டும், கலந்ததை நாலைந்து நாளில் தீர்க்க வேண்டும். அரைத்து மூட்டை கட்டி ஒரு மாதம் வைத்தால் எண்ணெய் காற்றோடு போய்விடும், சக்கைதான் மிஞ்சும்.

பொடி எதுவானாலும் இரண்டு குறை உண்டு. டன்னுக்கு 10, 15 கிலோ என்று போட்டால் அந்த எடைக்கு மக்காச்சோளமும் சோயாவும் குறையும். கறிக்கோழிக்கு 35, 38 நாளில் 2 கிலோ வர வேண்டும், சத்தில் ஒரு சதவீதம் குறைந்தாலும் எடையில் தெரியும். இன்னொன்று, கடையில் வாங்கிய பெல்லட்டின் மேல் பொடியைத் தூவுவது. கோழி குருணையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தூளைத் தட்டின் அடியில் விட்டுவிடும். முதல் தடவை நான் இதைத்தான் செய்தேன். நாள் கடைசியில் தீவனத் தட்டைக் கவிழ்த்தபோது போட்ட மஞ்சளெல்லாம் அடியில் படிந்து கிடந்தது.

மில்லில் பெல்லட் போடும்போது தீவன மாவை ஆவியில் 75 முதல் 85 டிகிரி வரை சூடாக்குவார்கள். பூச்சு இல்லாத வாசனை எண்ணெயில் ஒரு பங்கு அங்கேயே பறந்துவிடும். மில்லுக்குள் நுழைந்தால் கமகமவென்று மணக்கும், ஆனால் நாம் காசு கொடுத்தது அந்த மணத்துக்காக இல்லை.

இதற்காகத்தான் பூச்சுப் போட்ட எண்ணெய் வந்தது. தைமால், சின்னமால்டிஹைடு மாதிரி எண்ணெய்களைக் கெட்டிக் கொழுப்புக்குள் வைத்துக் குருணையாக்கி விற்கிறார்கள். கொழுப்பு மில் சூட்டில் இருந்தும் காற்றில் இருந்தும் எண்ணெயைக் காக்கும். கோழியின் சிறுகுடலில் கொழுப்பு செரிக்கச் செரிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் வெளியே வரும். இது ஏன் முக்கியம் என்றால், பூச்சில்லாத தைமாலைக் குடலின் மேல் பாகமே உறிஞ்சிக்கொள்கிறது. நாம் பயப்படும் குளோஸ்ட்ரீடியம் உட்கார்ந்திருப்பதோ சிறுகுடலின் நடுவிலும் கீழும். அங்கே வரை சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பூச்சின் பயன்.

வாங்கும்போது மூக்கை நம்பாதீர்கள். டப்பாவைத் திறந்ததும் கண்ணில் நீர் வருகிற அளவுக்கு மணந்தால் எண்ணெய் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். நல்ல பூச்சு உள்ள சரக்கில் வாசம் அடங்கித்தான் இருக்கும், விரலில் வைத்துத் தேய்த்தால் ஏறும். டப்பாவின் மேல் தைமால் எத்தனை சதவீதம், சின்னமால்டிஹைடு எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். "அரிய மூலிகைகளின் கலவை" என்று மட்டும் போட்டிருப்பதை நான் தொடுவதில்லை. டன்னுக்கு 100 கிராம் போடு என்கிறார்கள் என்றால், அந்த 100 கிராமில் உண்மையான எண்ணெய் எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டு, ஓமத்தின் 15 கிராமோடு வைத்துப் பாருங்கள். சில சரக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

தண்ணியில் கலக்கும் திரவம் மூன்றாவது வழி. யூகலிப்டஸ், மெந்தால் கலந்த எண்ணெய் சளிக்காக என்று விற்பது பெரும்பாலும் இந்த வகை. புரட்டாசி, ஐப்பசி மழையில் படுதாவை இறக்கிவிட்டு, செட்டுக்குள் அமோனியா ஏறி, கோழி கொரகொரவென்று மூச்சு விடும்போது இரண்டு மூன்று நாள் கொடுத்தால் ஆசுவாசமாக இருக்கும். தீவனத்துக்குப் பதிலாக நாற்பது நாளும் தண்ணியில் கொடுப்பதற்கு நான் ஒப்பமாட்டேன். எண்ணெய் தண்ணியில் கரையாது. கலவை சரியில்லை என்றால் டேங்க்கின் மேலே மிதக்கும், கடைசியில் ஒரே வரிசைக் கோழிக்குக் காட்டமாகப் போகும், கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் அடைக்கும். நம் மேட்டுக்காட்டு போர் தண்ணி ஏற்கெனவே உப்பும் கடினமும், குழாய்க்குள் படிவு இருக்கிற இடத்தில் எண்ணெயும் சேர்ந்தால் பாசி மாதிரிப் பிசுபிசுப்பு பிடித்துக்கொள்ளும்.

சித்திரை வெயிலில் இன்னொரு சிக்கல். சாதாரண நாளில் கோழி தின்னும் தீவனத்தைப் போல் இரண்டு பங்கு தண்ணி குடிக்கும். 38, 40 டிகிரியில் அது மூன்று, நான்கு பங்காகும். லிட்டருக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றினால், அதே கோழிக்குள் போகும் மருந்து இரண்டு மடங்காகிறது. காட்டத்தில் குடிப்பதைக் குறைத்துவிட்டால் அந்த வெயிலில் சாவு விழும். லசோட்டா, கம்போரா தடுப்பு மருந்தைத் தண்ணியில் கொடுக்கும் நாளிலும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாளும் இந்தத் திரவம் வேண்டவே வேண்டாம்.

அமிலம், நல்ல கிருமி என்று வேறு சேர்க்கைகளும் இருக்கின்றன. தண்ணிக்கு அமிலம் எங்கள் உப்புத் தண்ணிக்கு நன்றாகவே உதவுகிறது. வாசனை எண்ணெயோடு அதற்குச் சண்டை இல்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பைசா. கணக்குக்காக 1,000 கோழி, ஒவ்வொன்றும் 2 கிலோ, எப்.சி.ஆர் (ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனம் எத்தனை கிலோ என்பது) 1.6 என்று வைத்துக்கொள்வோம். 3,200 கிலோ தீவனம். நல்ல சேர்க்கை ஒன்று எப்.சி.ஆரை 1.57க்கு இறக்கினால் 60 கிலோ தீவனம் மிச்சம், கிலோ 40 ரூபாய் என்றால் 2,400 ரூபாய். இதுதான் உங்கள் கையில் இருக்கும் மொத்தப் பணம். இதற்கு மேல் செலவழித்தால் நட்டம். டன்னுக்கு 5 கிலோ மஞ்சள் என்றால் 16 கிலோ, கிலோ 150 ரூபாய்க்கு வாங்கினால் 2,400. மிச்சமானதெல்லாம் மஞ்சளுக்கே போயிற்று. காய்ந்த பூண்டுப் பொடி அதே 16 கிலோ, கிலோ 250 என்றால் 4,000, கைக்காசு போகிறது. ஓமம் டன்னுக்கு 1 கிலோ, 250 ரூபாய் விலையில் 800. பூச்சு எண்ணெய் டன்னுக்கு 150 கிராம், கிலோ 1,000 ரூபாய் என்றாலும் 480. விலை மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். ஆனால் வரிசை எளிதில் மாறாது. மலிவு என்று நாம் நினைக்கிற வீட்டுப் பொடிதான் டன் கணக்கில் விலை கூடியது.

எப்.சி.ஆர் 0.03 இறங்கும் என்பதையும் நம்பி உட்கார முடியாது. தரை காய்ந்து, தண்ணி சுத்தமாக, குஞ்சு நல்லதாக இருக்கிற செட்டில் எந்தச் சேர்க்கையும் பெரிதாக எதையும் காட்டாது, திருத்த அங்கே ஒன்றும் இல்லை. நெருக்கடியும் ஈரமும் உள்ள செட்டில்தான் பலன் கண்ணுக்குத் தெரியும். அதற்காக ஈரத்தை வைத்துக்கொண்டு எண்ணெய் வாங்காதீர்கள். தரையில் பரப்பிய நார்க்கழிவைத் தினமும் கிளறிவிடுவதற்கும் ஒழுகும் நிப்பிளை மாற்றுவதற்கும் ஆகிற செலவு இதைவிடக் குறைவு.

ரத்தக் கழிச்சல் மருந்தை மட்டும் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஓமமும் ஆரிகானோவும் அந்தக் கழிச்சலைக் கொண்டுவரும் காக்சிடியா கிருமியை அடக்கிவிடும் என்று சொல்லிக்கொண்டு விற்கிறார்கள். தடை வந்த ஐரோப்பாவிலேயே சாலினோமைசின், மோனென்சின் வகைகளைக் கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்காக விட்டு வைத்திருக்கிறார்கள். போன வருசம் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு அம்மா மூலிகையை நம்பி அந்த மருந்தை எடுத்துவிட்டார். 24ஆம் நாள் செட்டில் நடக்கவே முடியவில்லை, தரையெல்லாம் ரத்தம். அந்த அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

கம்பெனிக்கு வளர்ப்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் இடம் குறைவு. குஞ்சும் தீவனமும் அவர்களுடையது, நாம் வாங்குவது வளர்ப்புக் கூலி. மூட்டையில் ஏற்கெனவே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் மேலே எதையும் சேர்க்காதீர்கள். தண்ணியில் கலப்பதென்றாலும் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மற்றவர்களுக்கு என் முடிவு இதுதான். வீட்டிலேயே மக்காச்சோளமும் சோயாவும் அரைத்து மாவாகப் போடுகிறவர், வாரம் இரண்டு தடவை கலக்க முடியும் என்றால் ஓமம் போதும். பெல்லட்டோ, அதை உடைத்துக் குருணையாக்கிய கிரம்பிளோ மில்லில் சொல்லி அடிக்கிறவர் பூச்சு எண்ணெய்க்குப் போங்கள், பொடியை மறந்துவிடுங்கள். கடையில் ரெடிமேட் பெல்லட் மூட்டை வாங்குகிறவர் மேலே எதையும் தூவ வேண்டாம். அந்தக் காசுக்கு மக்காச்சோளமும் தீவனமும் சரியாக இருக்கிறதா என்று நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். பாதிக் குடல் தொல்லைக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

அண்ணன் மகன் உடுமலையில் ஒரு மில்லில் கிரம்பிள் அடித்து வாங்குகிறானாம். பூச்சு எண்ணெய்தான் என்று சொன்னேன். ஆனால் 5,000க்கும் ஒரேயடியாகப் போடாதே, செட்டை நடுவில் வலை கட்டிப் பிரி, ஒரே ஹேச்சரிக் குஞ்சை இரண்டு பக்கமும் விடு, இந்தப் பக்கத்து மூட்டைக்குச் சிவப்புக் கயிறு, அந்தப் பக்கத்துக்கு வெள்ளை, வாராவாரம் பக்கத்துக்கு 100 கோழி நிறுத்து எழுது என்றேன். ஒரு பேட்ச்சில் 0.03 வித்தியாசம் கண்ணில் படாது, ஒரு மின்விசிறி நின்றாலே அது அழிந்துபோகும். மூன்று பேட்ச் எழுதினால்தான் தெரியும்.

"மூணு பேட்ச்னா அஞ்சாறு மாசம் ஆகுமுங்க அத்தை" என்றான். ஆகட்டும் கண்ணு என்றேன். வியாழக்கிழமை அவனுக்குக் குஞ்சு இறங்குகிறது. எங்கள் வீட்டுப் பழைய தொங்கு தராசை எண்ணெய் போட்டுத் துடைத்து, புதன்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்ப எடுத்து வைத்திருக்கிறேன்.